கொழுப்பு மாத்திரையும் வாய்ப்புற்றுநோயும்: நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அவருடைய அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். வாலிப வயதிலிருந்து மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) ஒதுக்கும் பழக்கம். கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கரன்ட்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) கீமோவும் முடிந்து, இப்போது கழுத்தில் மறுபடி கட்டி. இம்யூனோதெரபி ஊசி போடலாமா என்று மருத்துவர் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு முன்பே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் இரவில் அடோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் என்ற கொழுப்பு மாத்திரை போடுகிறார். சித்தப்பா மகன், "கொழுப்பு மாத்திரை புற்றுநோய்க்கு எதிரான எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறதாம், 80 ஆக்கிவிடலாம்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "ஆளே பாதியாகிவிட்டார், இனி கொழுப்பு எங்கே இருக்கிறது, அதை முதலில் நிறுத்து" என்கிறார். மாவா போடும் தம்பிக்கோ இன்னொரு யோசனை: முன்னெச்சரிக்கையாக நானும் இந்த மாத்திரையைப் போடலாமா?

முதலில் நேரான பதில். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாக 80 ஆக்காதீர்கள். அப்பா இதைப் போடுகிறார் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சீட்டோடு காட்டுங்கள். தம்பி இதைத் தொடவே வேண்டாம். நான் மருந்தியல் பாடம் நடத்துபவன், புற்றுநோய் மருத்துவன் அல்ல; அப்பாவை நேரில் பார்ப்பவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

சித்தப்பா மகன் சொன்னது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகக் குழு ஒன்று 2023-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. எலிகளின் வாய்ப்புற்று செல்களை வைத்துச் செய்தது. சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் என்ற இரண்டு கொழுப்பு மாத்திரைகளும், டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் புற்று செல்களைக் கொல்லும் திறனைக் கூட்டின. இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் கட்டி வளர்வது மட்டுப்பட்டது, எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அது எலியில் நடந்தது.

இம்யூனோதெரபி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அப்போதுதான் மற்றது புரியும். நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்களுக்குப் புற்று செல்லை அடையாளம் கண்டு கொல்லும் வேலை உண்டு. அவை கட்டுக்கடங்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேல் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது. புற்று செல்கள் அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கின்றன. நிவோலுமாப், பெம்ப்ரோலிஸுமாப் போன்ற ஊசிகள் அந்த அழுத்தத்தை விடுவிக்கின்றன. பிடி-1-ஐக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவும் இதே துறையில் உழைத்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இந்த மருந்துகள் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

அனுமதிக்குக் காரணமான ஆய்வுகளில் ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. பிளாட்டினம் வகை கீமோவுக்குப் பிறகும் நோய் முன்னேறிய 361 பேரில், நிவோலுமாப் பெற்றவர்களில் ஒரு வருடம் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 36 சதவீதம். பழைய மருந்துகளைப் பெற்றவர்களில் அது 16.6 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஊசியால் கட்டி கண்ணுக்குத் தெரியச் சுருங்கியது சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான். பெரும்பாலானவர்களிடம் பிரேக்கை விடுவித்தாலும் டி செல்கள் நகரவில்லை. அதனால்தான், இந்த ஊசியோடு வேறு எதைச் சேர்த்தால் இன்னும் நிறையப் பேருக்குப் பலன் கிடைக்கும் என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். விலை மலிந்த, பல கோடிப் பேர் போட்டுப் பழகிய கொழுப்பு மாத்திரை அந்தத் தேடலில் கண்ணில் படுவது இயல்பு.

ஸ்டாடின்கள் என்று அழைக்கப்படும் இந்தக் கொழுப்பு மாத்திரைகளின் கதை பூஞ்சையில் தொடங்குகிறது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். 1987-ல் லோவாஸ்டாடின் சந்தைக்கு வந்தது. கல்லீரலில் கொழுப்பு தயாராகும் பாதையின் தொடக்கத்திலேயே ஒரு நொதியை இவை தடுக்கின்றன. அந்தப் பாதையில் கொலஸ்ட்ரால் மட்டும் தயாராவதில்லை. செல்லுக்குள் ராஸ், ரோ என்று சில புரதங்கள் உண்டு; அவை செல் சவ்வில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். ஒட்டுவதற்கு வேண்டிய கொழுப்பு வாலும் அதே பாதையில்தான் தயாராகிறது. ஆக, ஸ்டாடின் கொடுத்தால் ரத்தக் கொழுப்பு குறைவதோடு, செல்களின் வளர்ச்சியும் நகர்வும் பேச்சும்கூட ஓரளவு மாறும். புற்று செல்லிலும் மாறும், எதிர்ப்பு செல்லிலும் மாறும்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, சிக்கலும் ஆகிறது. 2019-ல் வந்த ஒரு ஆய்வு, கட்டிக்குள் தேங்கிக் கிடக்கும் கொலஸ்ட்ராலே டி செல்களைச் சோர்வடைய வைக்கிறது, பிடி-1 போன்ற பிரேக்குகளைக் கூட்டுகிறது என்று காட்டியது. அதைப் படித்தால் கொழுப்பைக் குறைப்பதுதான் வழி என்று தோன்றும். ஆனால் 2016-ல் வந்த இன்னொரு ஆய்வில், டி செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகமாகும்படி செய்தபோது அவை இன்னும் மூர்க்கமாகப் புற்று செல்லைத் தாக்கின. இரண்டும் பொய் இல்லை. கொலஸ்ட்ரால் எந்த இடத்தில், எந்த செல்லில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கிடைக்கும் ஒரு எண்ணை வைத்து இதைத் தீர்த்துவிட முடியாது.

இன்னும் ஒன்று. ஸ்டாடின்கள் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதாகவும் காட்டும் ஆய்வுகள் உண்டு. முடக்கு வாதத்தில் எதிர்ப்புச் சக்தி உடம்பின் மூட்டுகளையே தாக்கும். அந்த நோயாளிகளுக்கு அடோர்வாஸ்டாடின் 40 கொடுத்துப் பார்த்த 2004-ன் சோதனை ஒன்றில் வீக்கம் ஓரளவு குறைந்தது. ஒரே மாத்திரை ஓரிடத்தில் எதிர்ப்பை அடக்குகிறது, இன்னோரிடத்தில் உசுப்புகிறது. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் எனக்கு மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

சரி, மனிதர்களிடம் என்ன தெரிகிறது? கனடாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த முதியவர்களில் ஸ்டாடின் போட்டவர்கள் கொஞ்சம் கூடுதல் காலம் வாழ்ந்திருப்பதைக் கண்டார்கள். இம்யூனோதெரபி பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகளிடமும் அப்படி ஒரு போக்கு தெரிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஏரியாவை நினைத்துப் பாருங்கள். கொழுப்பு மாத்திரை யார் கையில் இருக்கும்? மாதா மாதம் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று சீட்டைப் புதுப்பிப்பவர், வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு மகள் இருப்பவர். சோறு இறங்காத வரைக்கும் மருத்துவமனைப் பக்கமே வராத காசிமேட்டு மீனவரிடம் அந்தச் சீட்டு இருக்காது. முதலாமவர் கூடுதல் காலம் வாழ்ந்தால், அதற்கு மாத்திரை காரணமா, அவர் சீக்கிரமே மருத்துவரிடம் போனது காரணமா? தவிர, நோய் முற்றி விழுங்க முடியாமல் போனவர்கள் முதலில் விடுவது இதுபோன்ற மாத்திரைகளைத்தான். அப்போது "மாத்திரை போடாதவர்கள் சீக்கிரம் இறந்தார்கள்" என்று கணக்கு தலைகீழாகக் காட்டும். பதிவேட்டு ஆய்வு செய்பவர்கள் இதையெல்லாம் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். முழுதாகச் சரிக்கட்ட முடிவதில்லை.

அதனால்தான் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுக்கும் சோதனை வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் உள்ள 846 பேரிடம் கீமோவோடு பிரவாஸ்டாடின் சேர்த்து அப்படிப் பார்த்தார்கள். முடிவு 2017-ல் வந்தது: எந்த வித்தியாசமும் இல்லை. இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்களில் சிம்வாஸ்டாடினைச் சேர்த்துப் பார்த்த சோதனைகளிலும் பலன் தெரியவில்லை. இவை கீமோவோடு செய்தவை, இம்யூனோதெரபியோடு அல்ல. பிரவாஸ்டாடின் நீரில் கரையும் வகை, செல்களுக்குள் எளிதில் நுழையாது என்பதும் ஒரு வாதம். நியாயமான வாதங்கள்தான், ஆகவே கதவு மூடிவிடவில்லை. ஆனால் அப்பாவின் அளவை இன்றைக்கு 80 ஆக்குவதற்கு இந்தத் திறந்த கதவு போதாது. எலியில் பலித்து மனிதனில் பலிக்காத புற்றுநோய் மருந்துகள் ஏராளம்.

இந்த வகைப் புற்றுநோயில் ஸ்டாடினைப் பற்றி எனக்கு அதிக நம்பிக்கை தரும் செய்தி வேறு. சிஸ்பிளாட்டின் கீமோ பலருக்குக் காது கேட்பதைக் குறைக்கும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் பெற்ற 277 பேரைப் பற்றி 2021-ல் வந்த அமெரிக்க ஆய்வில், அடோர்வாஸ்டாடின் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காது மந்தமாகும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவாக இருந்தது. இதுவும் குலுக்கல் சோதனை இல்லை. ஆனால் நோக்கம் எளிமையானது, மாத்திரை பழகியது. அப்பாவுக்கு மறுபடி சிஸ்பிளாட்டின் கொடுப்பதாக இருந்தால், காது பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ரத்தத்தில் கொழுப்பு குறைந்துவிட்டதால் மாத்திரை வேண்டாம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரை கொடுப்பது ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்காக மட்டும் அல்ல. இதயக் குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து அடைப்பு வராமல் காப்பதற்காகவும்தான். அதோடு, கழுத்தில் கரன்ட் வைத்தவர்களுக்கு மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி வருடங்கள் போகப்போகச் சுருங்கும் ஆபத்து உண்டு, பக்கவாதம் வரலாம். சிகிச்சை தொடர்கிற நிலையில் இருக்கும் அப்பாவுக்கு மாத்திரை தேவை.

ஆனால் அக்கா சொல்வது சரியாக இருக்கும் ஒரு கட்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எந்த நோயாலும் இன்னும் சில மாதங்கள்தான் என்று மருத்துவர்கள் கணித்த 381 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டாடினை நிறுத்திப் பார்த்தார்கள்; 2015-ல் முடிவு வெளியானது. நிறுத்தியதால் இறப்பு குறிப்பிடும்படி கூடவில்லை, நிறுத்தியவர்கள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்க அவர் படும் பாடு தேவையா என்று மருத்துவரே பேசுவார். இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை.

இப்போது, என்னைப் பொறுத்தவரை, இந்தப் பதிலில் அதிக கவனம் வேண்டிய பகுதி. கொழுப்பு மாத்திரை அப்பாவின் மற்ற மருந்துகளோடு எங்கே மோதும்?

கரன்ட் வைத்த வாயில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். அதற்கு ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகள் எழுதுவார்கள். சளி, காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின் எழுதுவார்கள். இவை கல்லீரலில் அடோர்வாஸ்டாடினை உடைக்கும் நொதியைத் தடுக்கும். மாத்திரை ரத்தத்தில் தேங்கும், தசை வலி வரும், அரிதாகத் தசையே சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை. தெரு முனை மெடிக்கலில் வாய்ப்புண்ணுக்கு எது வாங்கினாலும், கொழுப்பு மாத்திரை போடுகிறார் என்று சொல்லி வாங்குங்கள். சில நாட்களுக்கு ஸ்டாடினை நிறுத்திவைத்துப் பிறகு தொடரச் சொல்வார்கள். அது மருத்துவர் சொல்லி நிறுத்துவது, பிரச்சினை இல்லை.

இம்யூனோதெரபியும் அரிதாகத் தசைகளையும் இதயத் தசையையும் கல்லீரலையும் தாக்கும். பிரேக்கை விடுவித்தால் டி செல்கள் தவறான இடத்திலும் பாயும். ஊசி தொடங்கியபின் அப்பாவுக்குத் தொடை, தோள் வலித்தால், "கொழுப்பு மாத்திரையால்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடும் அபாயம் இருக்கிறது. மூச்சு வாங்கினால், நெஞ்சு கனத்தால், இமை தொங்கினால், அடுத்த ஊசி தேதி வரை காத்திருக்கக் கூடாது. ஊசிக்கு முன்பே சி.கே. என்ற தசை நொதியும் கல்லீரல் அளவுகளும் ஒரு முறை எடுத்து வைத்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

தைராய்டு பற்றியும் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது அது. கழுத்தில் கரன்ட் வைத்தாலும் தைராய்டு மந்தமாகும், இம்யூனோதெரபியாலும் மந்தமாகும். மந்தமானால் கொழுப்பு ஏறும், அசதி வரும், ஸ்டாடினின் தசை பாதிப்பும் எளிதாக வரும். கொழுப்பு ஏறிவிட்டது என்று மாத்திரையை 80 ஆக்கினால், காரணத்தை விட்டுவிட்டு ஆபத்தைக் கூட்டியதாகிவிடும். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று போதும்.

மாத்திரையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். ஆனால் மருத்துவரிடம் கேட்கும் நேரம் பத்து நிமிடம்தான் கிடைக்குமென்றால், அதை ஸ்டாடினுக்குச் செலவழிக்க வேண்டாம். இதைக் கேளுங்கள்: "குறைந்த அளவு நிவோலுமாப் அப்பாவுக்குப் பொருந்துமா?" வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம்; செலவு லட்சங்களில் போகும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை, மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்று மாத்திரைகளோடு சேர்த்து, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்தது. நிவோலுமாப் சேராதவர்களில் ஒரு வருடம் கடந்தவர்கள் 16.3 சதவீதம், சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். இது நம் நாட்டு நோயாளிகளிடம், மாவாவும் குட்காவும் தின்று வந்த அதே வாய்ப்புற்றுநோயிடம் கிடைத்த கணக்கு. எலிக் கணக்கைவிட இது எவ்வளவோ உறுதியானது. முதலமைச்சர் காப்பீட்டில் எது வரும், எது வராது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அன்றே கேட்டுவிடுங்கள். இந்தக் கூட்டு மருந்து கொடுத்தால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: எர்லோட்டினிபும் ஸ்டாடினும் சேரும்போது தசை பாதிப்பு அரிதாக வரலாம், ஆகவே கொழுப்பு மாத்திரைச் சீட்டு மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு மூக்குக் குழாய் போட்டிருந்தால், மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டுச் செய்யுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது.

கடைசியாகத் தம்பி. ஆரோக்கியமான ஆள் புற்றுநோய் வராமலிருக்க ஸ்டாடின் போட வேண்டும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மாவாவை ஒதுக்கிக்கொண்டே மாத்திரை போடுவது அவனுக்குத் தைரியத்தை மட்டும்தான் தரும், அந்தத் தைரியம் ஆபத்தானது. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை இல்லாத வெறும் பாக்குகூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்காவுக்குத் தடை இருந்தும், வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் பிளாஸ்டிக் தாளில் மடித்த மாவா பையன்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, தம்பி மேல் அல்ல.

அவனுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். விட முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துத் தோல்போல இறுகியிருக்கிறது, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறது, இரண்டு வாரமாக ஆறாத புண் இருக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பாரிமுனைப் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு முறை போய்க் காட்டுங்கள். மாவாவை விட உதவி வேண்டும் என்று அங்கேயே கேட்கலாம். அப்பாவின் பரிசோதனைக்கு நீங்கள் அந்தப் பக்கம் போகும் நாளில் அவனையும் கூடவே கிளப்பிவிடுங்கள், தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டான்.